லோகோ வரும், போகும்

1. என் பெயர் இருந்த கடிதம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஒரு டீச்சர் உள்ளே வந்தார். கையில் போன் இல்லை, டெப் இல்லை, சார்ஜர் இல்லை. நான்காக மடித்த ஒரு கடிதம் மட்டும் இருந்தது. அதை என் மேசையில், நான் கழற்றிப் போட்டிருந்த ஸ்க்ரூக்களுக்கு மேலேயே விரித்து வைத்தார்.

"நிசார் எண்டது நீங்களா?"

"ஓம் டீச்சர். இரிங்க."

"இரிக்க வரல்ல. இத வாசிங்க."

வாசித்தேன். கடற்கரைப் பக்கமுள்ள ஒரு பாடசாலையின் அதிபர் தன்னுடைய விஞ்ஞான ஆசிரியைக்கு எழுதிய விளக்கம் கோரும் கடிதம் அது. பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்த டெப் கணினி ஒன்றைக் கவனயீனமாகப் பாவித்து இயங்காமல் ஆக்கியிருக்கிறீர், உமக்கு எதிராக ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாட்களுக்குள் பதில் தரவும் என்று எழுதியிருந்தது. மேலிடத்துக்கும் பிரதி போயிருந்தது. மூன்றாவது பந்தியில் நான் இருந்தேன். 'தகைமை வாய்ந்த தொழில்நுட்பவியலாளர் ஜனாப் நிசார் அவர்களின் கருத்தின்படி மேற்படி பழுது பாவனையாளரின் கவனயீனத்தினாலேயே ஏற்பட்டுள்ளது.'

உண்மையைச் சொன்னால், முதல் வாசிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கல்முனை பஸாரில் இத்தனை வருஷம் உட்கார்ந்து ரேடியோ, டீவி, போன், டெப் என்று காலத்துக்குக் காலம் எது பழுதாகிறதோ அதைத் திருத்தியிருக்கிறேன். என்னைத் தகைமை வாய்ந்தவர் என்று எழுத்தில் சொன்னவர் யாருமில்லை. என் தகைமை மூன்று மாத ரேடியோ கோர்ஸ் ஒன்றும், சோல்டரிங் அயனில் சுட்ட விரல்களும்தான்.

"இந்த டெப்பக் கண்டீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல."

"கையால தொட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப எப்பிடி? கனவுல கண்டீங்களா?"

அவர் பெயர் ஜெஸீமா. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பதவி உயர்வுக்கான நேர்முகம் இரண்டு மாதத்தில் வருகிறதாம். இந்தக் கடிதம் அவருடைய கோப்பில் ஏறினால் நேர்முகத்துக்குப் போய் உட்காருவதில் பயனில்லை. அதற்கு மேலே, எங்காவது தூரத்துக்கு இடமாற்றம் கொடுத்துவிடுவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் இப்போதே கதைக்கிறார்களாம்.

எனக்கு அப்போதுதான் போன வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

2. போனில் வைத்தியம்

வியாழக்கிழமை அந்த அதிபர் எனக்குப் போன் எடுத்திருந்தார். மன்சூர் சேர். அவருடைய பாடசாலையின் கொம்பியூட்டர் அறையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே சேர் போன் எடுத்தால் என்ன வேலையிலும் எடுத்துக் கதைப்பேன். அன்றைக்கு ஒரு சார்ஜிங் போர்ட்டைச் சுடுகாற்று ஊதிக் கழற்றிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"நிசார், ஒரு டெப் ஓன் ஆகுதில்ல. லோகோ வருது, போகுது. திரும்ப வருது, போகுது."

"யார் சேர் பாவிக்கிற?"

"ஜெஸீமா டீச்சர் வகுப்புக்குக் கொண்டு போற."

"அதுதான் சேர். புள்ளைகள் கண்ட கண்ட கேமெல்லாம் ஏத்தியிருப்பாங்க. கவனமில்லாமப் பாவிச்சா இப்பிடித்தான் வரும்."

இவ்வளவுதான் நான் சொன்னது. சொல்லிவிட்டு போர்ட்டைக் கழற்றினேன். அது வாயால் போன வார்த்தை. அது கடிதத் தலைப்பில் ஏறி, ரப்பர் முத்திரை குத்தி, பிரதி எடுத்து, மேலிடத்துக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அதைச் சொன்னது நான்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் கொஞ்ச வருஷம் இருந்தால் ஒரு நோய் வரும். சாமானைப் பார்க்க முதலே ஆளைப் பார்த்துப் பழுதைச் சொல்லும் நோய். அதற்குக் காரணம் வாடிக்கையாளர்களும்தான். அறுகம்பேயில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் டெப்பைக் கொண்டுவந்து, "மண்ணுக்குக் கொண்டு போகவே இல்ல" என்பார். ஸ்பீக்கரைத் தட்டினால் ஒரு தேக்கரண்டி மணல் விழும். பெரியநீலாவணையிலிருந்து வரும் ஒரு மீன்பிடிகாரர், "தோணிக்குக் கொண்டு போறல்ல" என்று சத்தியம் செய்வார். சிம் தட்டை இழுத்தால் மீன் செதிலும் சேர்ந்து வரும். இப்படி ஆயிரம் பொய்யைக் கேட்டபின், பாவிப்பவர் சொல்வதெல்லாம் பொய், பழுதெல்லாம் பாவிப்பவரின் பிழை என்று மனது முடிவுகட்டிவிடுகிறது. அதற்கு நாங்கள் அனுபவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"டீச்சர், டெப்பக் கொண்டு வந்தீங்களா? பாப்பம்."

"அது சேர்ட அலுமாரியில பூட்டியிரிக்கி. சாட்சிப் பொருளாம்."

"எப்ப வரைக்கும் வேல செஞ்ச?"

"புதன்கிழம மத்தியானம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. பின்னேரம் சேர் எல்லா டெப்பையும் எடுத்துக் கவர் போட்ட. டெப் தந்த முதலாளி வாறாராம். வியாழக்கிழம காலையில தந்தாரு. அப்பயிருந்து இப்பிடித்தான்."

பதில் அந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் பிடித்திருப்பார்கள். தகைமை வாய்ந்த தொழில்நுட்பவியலாளருக்குப் பிடிபடவில்லை. அப்டேட் ஒன்று அரைவாசியில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3. இரண்டு திறப்புப் போட்ட அலுமாரி

அடுத்த நாள், புதன்கிழமை, பாடசாலைக்குப் போனேன். டீச்சருக்காக வருகிறேன் என்று சொன்னால் சேர் உள்ளே விடமாட்டார் என்று தெரியும். ஆகவே, "முதலாளி வர முன்னம் எல்லா டெப்பையும் ஒருக்காப் பாத்துத் தாறன் சேர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தேநீர்கூடச் சொன்னார்.

முதலாளி என்பது இந்த ஊரில் பிறந்து கொழும்பில் பெரிய வியாபாரம் செய்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு இருபது டெப் அன்பளிப்புச் செய்திருந்தார். ஜெஸீமா டீச்சர் நச்சரித்து ஒன்றை வாங்கிக்கொண்டார். எடுக்கும்போது ஒரு கையெழுத்து, வைக்கும்போது ஒரு கையெழுத்து. மிச்சம் பத்தொன்பதும் அதிபரின் அறையில், இரண்டு திறப்புப் போட்டால்தான் திறக்கும் இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. ஒரு திறப்பு சேரிடம், மற்றது பிரதி அதிபரிடம். இரண்டு பேரும் ஒரே நாளில் பாடசாலையில் இருப்பதே அபூர்வம் என்று பின்னால் டீச்சர் சொன்னார்.

அன்றைக்கு இரண்டு பேரும் இருந்தார்கள். அலுமாரி திறந்தது. எல்லா டெப்புக்கும் தடித்த பிளாஸ்டிக் கவர். முதுகுப் பக்கம் முழுக்க முதலாளியின் சிரித்த முகம். இருபது முதலாளிகள் அடுக்கிலிருந்து என்னைப் பார்த்தார்கள்.

"எப்பிடி?" என்றார் சேர்.

"வடிவா இரிக்கி சேர்."

"கொழும்பில அடிச்ச. நானே ஒவ்வொண்டா மாட்டி, கழராம உள்ளுக்கு டேப்பும் ஒட்டின."

சாட்சிப் பொருளைக் கேட்டு வாங்கினேன். அதற்குள் டீச்சரும் வந்து வாசலில் நின்றுகொண்டார். சேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போகச் சொல்லவில்லை.

இளம் ஆட்கள் கவனித்துக்கொள்ளுங்கள், வேலையை நான் செய்த ஒழுங்கு இதுதான். முதலில் என் சார்ஜரையும் மீட்டரையும் போட்டுப் பார்த்தேன். கரண்ட் ஒழுங்காக ஏறுகிறது. எங்கள் கடற்கரையில் உப்புக் காற்றில் சார்ஜ் போர்ட் பச்சை பிடிக்கும், இதில் அதுவும் இல்லை. டீச்சர் நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார். பட்டரியும் நல்லது. லோகோ வந்தது. பத்துச் செக்கன் நின்றது. போனது. திரும்ப வந்தது.

அடுத்தது ரிக்கவரி மெனுவுக்குள் போவது. பவர் பட்டனையும் சவுண்ட் கூட்டும் பட்டனையும் சேர்த்து அமத்தி, லோகோ வந்ததும் பவரை விட வேண்டும். விட்டேன். மெனு வரவில்லை. மூன்று தரம் செய்தேன், வரவில்லை.

"கொம்பியூட்டரோட குடுத்து முழுக்க அழிச்சுத்தான் சேர் ஏத்தணும்" என்றேன்.

"அழிங்க, அழிங்க" என்றார் சேர்.

டீச்சர் உள்ளே வந்துவிட்டார். "அழிக்க வேணாம். அதுக்குள்ள புள்ளைகள் செஞ்ச பரிசோதனைட வீடியோ இரிக்கி. ரெண்டு வருஷமா எடுத்த. வேற எங்கயும் இல்ல."

"டீச்சர், நீங்க உங்கட பதில எழுதுங்க. இது டெக்னிகல் விசயம்" என்றார் சேர்.

அவர் அப்படிச் சொன்ன விதம் எனக்குச் சுட்டது. போன வியாழக்கிழமை நான் போனில் கதைத்த அதே தொனி. அழிக்க முதல் இன்னொரு தரம் பார்ப்போம் என்று பட்டன்களை ஒவ்வொன்றாக அமத்தினேன். சவுண்ட் கூட்டுவது டிக். குறைப்பது டிக். பவர் பட்டன் ஒன்றும் சொல்லவில்லை. விரலுக்கு அசைவே தெரியவில்லை. ஏற்கெனவே அமந்திருக்கும் பட்டன் எப்படி இன்னொரு தரம் அமரும்?

"சேர், இந்தக் கவரக் கழட்டணும்."

"சே, சே. முதலாளிட படம் கசங்கிடும்."

"கழட்டாம ஏலா சேர்."

"பழுது உள்ளுக்கு. கவர் வெளியில. வெளியில இரிக்கிற கவரக் கழட்டி என்ன செய்யிற?"

பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் விட்டு நெம்பினேன். டேப் கிழிந்தது. கவர் கையோடு வந்தது. உள்பக்கம் பார்த்தால், அது வேறு மொடல் டெப்புக்குச் செய்த கவர். பட்டனுக்கு வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு ஒரு முண்டு இருந்தது. இரவும் பகலும் பவர் பட்டனை அமத்திக்கொண்டிருந்தது அந்த முண்டுதான். யாராவது பவர் பட்டனை விடாமல் அமத்தினால் எந்த டெப்பும் ஓன் ஆகும், ஒஃப் ஆகும், திரும்ப ஓன் ஆகும்.

டெப்பை வெறுமனே மேசையில் வைத்தேன். லோகோ வந்தது. நின்றது. திரை திறந்தது. போத்தலும் பலூனும் வைத்து நுரையீரல் செய்துகொண்டு ஒரு பிள்ளை நிற்கும் படம்.

டீச்சர் ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தார். 

சந்தேகம் வரக் கூடாது என்று கவரைத் திரும்பப் போட்டேன். லோகோ வந்தது, போனது. கழற்றினேன், திரை திறந்தது. சேர் அந்தக் கவரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப டீச்சர் கவரக் கவனமில்லாமப் பாவிச்சிருக்கா" என்றார்.

நான் மற்ற டெப்களை எடுத்தேன். கவரைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சார்ஜில் போட்டேன். பத்தொன்பதில் இரண்டுதான் பட்டரிப் படம் காட்டின. மற்றவை செத்துக் கிடந்தன. மூன்றின் பட்டரி வீங்கி, கண்ணாடி ஓரத்தில் எழும்பி நின்றது.

"எப்பிடிப் பழுதாகும்?" என்றார் சேர். குரலில் உண்மையான ஆச்சரியம். "ஒரு நாளும் கையால தொடல்லயே."

"அதுதான் சேர் காரணம். ரெண்டு வருஷமா ஒருக்காவும் சார்ஜ் போடல்ல. பட்டரி செத்துப் போயிற்று."

"சார்ஜ் போட்டா தேஞ்சிடும் எண்டுதான் போடல்ல."

இருபது டெப்பில் முழு உயிரோடு இருந்தது கவனயீனமாகப் பாவிக்கப்பட்டது ஒன்று. கவனமாகப் பாதுகாக்கப்பட்டவற்றில் பதினேழு போய்விட்டன. இதை நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன், கொம்பியூட்டர் அறை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். டீச்சர்தான் சொன்னார், மெதுவாக.

"அப்ப இந்தப் பதினேழுக்கும் யாரிட்ட சேர் விளக்கம் கேக்கிற?"

4. கடற்காற்று

பிரதி அதிபர் தன் திறப்பை எடுத்துக்கொண்டு வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டார். சேர் கதவைச் சாத்தினார். இனித்தான் என் வீரம் வெளிவரும் கட்டம் என்று நீங்கள் நினைத்தால், பொறுங்கள்.

"சரி, டெப் வேல செய்யிதுதானே. விசயம் முடிஞ்சிது. நான் வாயால சொல்லுறன், டீச்சர்ட பிழை இல்ல எண்டு" என்றார் சேர்.

"எனக்கு எழுத்துல வந்த சேர். எழுத்துலதான் போகணும்" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, அண்ணனை அழைப்பது போல அழைத்தார். "காக்கா, உங்கட பேரப் போட்டுத்தான் அத எழுதியிரிக்கி. நீங்களும் எழுதித் தரணும்."

சேர் என்னைப் பார்த்தார். "நிசார், அடுத்த மாசம் கொம்பியூட்டர் அறையைப் பாக்கிறதுக்குத் திரும்பவும் ஆள் எடுக்கணும். ஞாபகம்தானே?"

ஞாபகம்தான். நன்றாகவே ஞாபகம். கடைக்கு வாடிக்கை வராத மாதங்களில் அந்த அறைதான் என்னைத் தாங்கியது. தாளை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேனாவின் மூடியோடு விளையாடினேன்.

சேருக்கு ஒரு யோசனை வந்தது. "கவரைப் பத்தி எழுத வேணாம். முதலாளி மனசு நோகும். காலநிலை எண்டு போடுங்க. கடக்காத்து. எங்கட பக்கம் எல்லாம் கடக்காத்துலதானே பழுதாகிற."

நல்ல யோசனை. கடற்காற்றுக்குக் கோப்பு இல்லை, பதவி உயர்வு இல்லை, அது ஏழு நாளுக்குள் பதில் எழுதவும் வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் அப்படியே எழுதிவிடத்தான் இருந்தேன். 'உப்புக் காற்றின்' என்பது வரைக்கும் எழுதியும் விட்டேன். டீச்சர் அதை எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. அப்படித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் நாள் கடைக்கு வந்து சண்டை பிடித்ததைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தேன். மூன்று வாக்கியம் எழுதினேன். பொருந்தாத கவர் பவர் பட்டனை அமத்தியதால் டெப் திரும்பத் திரும்ப ஓன் ஆகியது. கவரைக் கழற்றியபின் குறை இல்லை. முன்னர் நான் சொன்ன கருத்து டெப்பைப் பார்க்காமல் சொன்னது, அது பிழை.

முதல் இரண்டையும் எழுத ஒரு நிமிஷம் போகவில்லை. மூன்றாவதை எழுதத்தான் தேநீர் ஆறிப்போனது. கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை டீச்சரிடமும் கொடுத்தேன்.

"இது தேவையா நிசார்?" என்றார் சேர், மூன்றாவது வாக்கியத்தில் விரலை வைத்து.

"முதல்ல சொன்னது தேவையில்லாதது சேர். அதால இது தேவ."

5. படம் எடுத்த நாள்

அடுத்த திங்கட்கிழமை முதலாளி வந்தார். உயிர் இருந்த மூன்று டெப்பையும் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லி என்னையும் அழைத்திருந்தார்கள். ஆனால் படம் எடுக்க இருபது வேண்டும். செத்தவற்றுக்கும் கவரை மாட்டி, வரிசையில் நின்ற பிள்ளைகளின் கையில் கொடுத்திருந்தார் சேர். படத்துக்கு ஓன் ஆகத் தேவையில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. வீங்கிய மூன்றையும் மட்டும் நான் சண்டை பிடித்து எடுத்து வைத்தேன். அவற்றுக்குப் பதிலாக அதே அளவில் மூன்று புத்தகங்களுக்குக் கவர் மாட்டப்பட்டது. இதை நான் கற்பனை செய்யவில்லை.

முதலாளி நான் நினைத்தது போன்ற ஆள் இல்லை. ஒல்லியான, மெதுவாகக் கதைக்கிற மனிதர். படம் எடுத்து முடிந்ததும் முன்னால் நின்ற பிள்ளையிடம் குனிந்து, "இதுல என்ன மகள் படிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இண்டைக்குத்தான் கையில தந்த" என்றாள் அவள்.

சேர் இருமினார். முதலாளி அந்த டெப்பை வாங்கி ஓன் பண்ணிப் பார்த்தார். பக்கத்துப் பிள்ளையினதையும் பார்த்தார். இரண்டும் ஓன் ஆகவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்தது ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம். அதைத் திறந்து பார்த்து, மூடி, பிள்ளையின் கையிலேயே திரும்பக் கொடுத்தார். 

அப்போது ஜெஸீமா டீச்சர் தன் டெப்போடு முன்னால் வந்தார். கவர் இல்லை. பிள்ளைகளின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். முதலாளி முழுவதையும் நின்று பார்த்தார். இரண்டாவதையும் கேட்டுப் பார்த்தார். பிறகு முதுகுப் பக்கத்தைத் திருப்பினார்.

"மத்ததுல எல்லாம் என்ட படம் இரிக்கி. இதுல இல்லயே?"

"உங்கட படம் போட்டா இது ஓன் ஆகுதில்ல ஹாஜி" என்றார் டீச்சர்.

கிண்டலாகச் சொல்லவில்லை. பாடம் சொல்வது போலத்தான் சொன்னார். முதலாளிக்கு முகம் சிவந்தது. யார் இந்தப் படத்தைப் போடச் சொன்னது என்று சேரைத் திரும்பிப் பார்த்தார். சேர் மைக்கைத் திருத்துவதில் மும்முரமாக இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம். முதலாளி சொல்லி, புது பட்டரி போட, பதினேழு டெப்பும் இரண்டு கிழமைக்குள் என் மேசைக்கு வந்தன, கவர் இல்லாமல். இப்போது ஒவ்வொரு விஞ்ஞான பாடத்துக்கும் பிள்ளைகளிடம் போகின்றன. கீறல் விழுகிறது, உடைகிறது, திருத்துகிறேன். டீச்சருக்கு, 'மேற்படி விடயம் முடிவுறுத்தப்பட்டது' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவர் நேர்முகத்துக்குப் போய்ச் சித்தியடைந்து, பதவி உயர்வும் பெற்றார். கொம்பியூட்டர் அறையைப் பார்க்கும் வேலை அக்கரைப்பற்றுக் கடை ஒன்றுக்குப் போனது. அதைப் பற்றிச் சேர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். லோகோ வந்து வந்து போனால், சொஃப்ட்வெயரை அழிக்க முதல் கவரைக் கழற்றி, பட்டன் அசைகிறதா என்று விரலால் பாருங்கள். ஆளைப் பார்த்து எந்தப் பழுதையும் சொல்லாதீர்கள். நாங்கள் வாயால் விடும் ஒரு சொல்லுக்கு யாரோ ஒருவர் ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டி வரலாம்.

இப்போது யாராவது போனில் என்ன பழுது என்று கேட்டால், "கொண்டு வாங்க" என்பதற்கு மேல் நான் சொல்வதில்லை. நிசாருக்கு முன்னம் போலத் தொழில் தெரியாது என்று பஸாரில் ஒரு கதை இருக்கிறது. இருக்கட்டும். பிழையாகத் திருத்தினேன் என்று என் மேசைக்குத் திரும்பி வரும் சாமான்களும் குறைந்துவிட்டன.